மந்தைவெளிவரை போன எலும்புகள்

கார்த்தி,

மொட்டை மாடியில் கிடக்கிற உன் டிரம்மைக் காயலான் கடைக்குப் போட்டுவிடச் சொன்னாய் என்று அம்மா வந்து சொன்னாள். வியாழக்கிழமை நீயும் சுபாவும் பாப்பாவும் ஹூஸ்டனுக்குப் போகிறீர்கள், திரும்பி வருகிற உத்தேசம் இல்லை என்பதையும் அவள்தான் சொன்னாள். இந்த இரண்டு வருஷமாக உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா வழியாக வந்ததுதான். நான் போன் செய்தால் நீ எடுக்காமல் இருப்பதில்லை. எடுத்து, "இருங்கப்பா, பாப்பாகிட்ட குடுக்கறேன்" என்கிறாய். பாப்பா என்னிடம் யானை கதை சொல்லி முடிப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். இதைப் பாப்பாவிடம் கொடுத்துவிட்டு நீ நழுவ முடியாது, அவளுக்கு இன்னும் படிக்கத் தெரியாது.

மன்னிப்புக் கேட்டு உருக்கமாக எழுதியிருப்பேன் என்று நினைத்து ஆரம்பிக்காதே. எனக்கு உன்மேலும் கோபம் இருக்கிறது. ஆனால் உன்மேல் இருக்கிற கோபத்தைச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், அதுதான் முறை. நான் செய்ததை இதுவரை வாய்விட்டு ஒருவரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டியதில்லை, அவளுக்கு எல்லாம் தெரியும். சொல்லிக் காட்டாமல் இருக்கிறாளே தவிர, சாப்பாடு பரிமாறும்போது கரண்டி தட்டில் படுகிற சத்தத்திலேயே எனக்கு விளங்கிவிடும்.

இந்த வீட்டை வாங்க வந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். உனக்கு அப்போது நான்கு வயது. நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து, திருவல்லிக்கேணியில் ஒற்றை அறையில் குடியிருந்து, ஆபீஸ் லோன் போட்டு மயிலாப்பூரில் ஒரு வீடு பார்த்தேன். எட்டே வீடுகள் உள்ள கட்டடம். அன்றைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தேன். நெற்றியில் மூன்று பட்டை விபூதி. கீழ்வீட்டு மாமா கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இப்போதும் அதே இடத்தில்தான் உட்காருகிறார், நாற்காலிதான் மாறியிருக்கிறது.

"எந்த ஊர் நீங்க?" என்றார்.

"திருநெல்வேலிப் பக்கம்."

"ஓ. அப்போ சைவம்தானே? இங்க எல்லாரும் அப்படித்தான், அதான் கேட்டேன்."

நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. வாயால் பொய்கூடச் சொல்லவில்லை. "இல்லை மாமா, வாரத்துக்கு ஒருநாள் கறி எடுப்போம்" என்று சொல்லியிருந்தால் வீடு கிடைக்காமல் போயிருக்குமா, தெரியாது. சொல்லிப் பார்க்கவே இல்லை. அந்தத் தலையாட்டலைக் காப்பாற்றத்தான் நான் முப்பது வருஷம் பாடுபட்டேன். அதற்கு உங்கள் எல்லோரையும் வேலை வாங்கினேன்.

நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். காலை ஆறு மணிக்கு நான் ஸ்கூட்டரில் ராயப்பேட்டைப் பக்கம் போய் அரைக்கிலோ ஆட்டுக்கறி வாங்கிவருவேன். துணிக்கடைப் பையில் கறி, அதன்மேல் இரண்டு கட்டு முளைக்கீரை. மாடிப்படியில் யார் எதிர்ப்பட்டாலும் கீரைதான் தெரியும். மீன் பொரிக்கவே கூடாது. கருவாடு என்ற பேச்சே கிடையாது. கறியையும் குக்கரில் மட்டும்தான் வேகவைக்கலாம், வறுக்கக்கூடாது. சுக்காவறுவல் என்றால் உயிரைவிடுகிற அம்மா அதை மறந்தே போனாள். தெருப்பக்கத்து ஜன்னலை அடைத்துவிட்டு, குக்கர் ஆவி அடங்கியதும் வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவாள். ஞாயிற்றுக்கிழமையானால் நம் வீட்டில் பெரிய பூஜை நடக்கிறது என்று கட்டடமே நினைத்துக்கொண்டிருக்கும் என்பது என் கணக்கு.

எலும்பு இருக்கிறதே, அதுதான் பெரிய பாடு. கட்டடத்துக் குப்பைத்தொட்டியில் போட முடியாது, கட்டடம் பெருக்குகிறவள் பார்த்துவிடுவாள். பார்த்தால் நான்கு வீட்டில் சொல்வாள். ஆகவே எல்லாருடைய தட்டிலிருந்தும் எலும்பைப் பொறுக்கி, செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, ஆபீஸ் டிபன் பையில் வைத்து, ஸ்கூட்டரில் மந்தைவெளி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவேன். அங்கே மாநகராட்சித் தொட்டியில் போட்டுவிட்டு, கையை டீக்கடைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு வருவேன். சில வாரம் நீயும் முன்னால் நின்றுகொண்டு வருவாய். "அப்பா, நம்ம வீட்டுக் குப்பைத்தொட்டி ரொம்ப தூரம், இல்லப்பா?" என்று ஒருநாள் கேட்டாய். நான் சிரித்தேன்.

முதல் மாடி டீச்சர் உன்னைத் தூக்கிவைத்துக்கொண்டு "இன்னிக்கு என்னடா சாப்பிட்டே?" என்று கேட்டால் "கத்திரிக்காய் குழம்பு" என்று சொல்ல வேண்டும். நான்தான் பழக்கினேன். நீ கெட்டிக்காரன், ஒரே நாளில் பிடித்துக்கொண்டாய். வாராவாரம் கத்திரிக்காய் என்று சொல்லி, கடைசியில் டீச்சர் "உங்காத்துல ஞாயித்துக்கிழமைன்னா கத்திரிக்காய்தானாடா?" என்று கேட்டுச் சிரித்தாள். என் பிள்ளை சாமர்த்தியமாகப் பொய் சொல்கிறான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. இதைவிட அசிங்கமான பெருமை ஒரு தகப்பனுக்கு இருக்க முடியாது.

உனக்கு ஏழு வயதில் நடந்தது உனக்கு மறந்திருக்கலாம் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். தட்டிலிருந்து ஒரு நெஞ்செலும்பை எடுத்துக்கொண்டு, வாசலில் படுத்திருக்கிற நாய்க்குப் போட நீ படியிறங்கிப் போனாய். இரண்டாவது மாடித் திருப்பத்தில் உன்னைப் பிடித்தேன். ஒரு கையால் அறைந்தேன், மறு கையால் உன் வாயைப் பொத்தினேன், அழுகிற சத்தம் கீழே கேட்டுவிடக்கூடாது என்று. என் உள்ளங்கைக்குள் உன் மூச்சு சுடச்சுட அடித்தது. எலும்பைப் பிடுங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிள்ளையை அடிப்பது நம் பக்கத்தில் புதிதல்ல, என் அப்பாவும் அடித்தவர்தான். ஆனால் அவர் அழவாவது விட்டார்.

பிறகு நீ படித்தாய், வேலைக்குப் போனாய், கம்பெனி உன்னை இரண்டு வருஷம் ஹூஸ்டனுக்கு அனுப்பியது. அங்கே எல்லாரும் வீட்டுக்குப் பின்னால் பெரிய இரும்புப் பெட்டி வைத்துக்கொண்டு, விறகுப் புகையிலேயே அரைநாள் கறியை வேகவைக்கிறார்கள் என்று போனில் சொன்னாய். எனக்குப் புரியவில்லை. திரும்பிவந்து கல்யாணம் ஆகி, பாப்பாவும் பிறந்த பிறகு, ஒரு சனிக்கிழமை "அப்பா, சிந்தாதிரிப்பேட்டைக்கு வர்றீங்களா, ஒரு டிரம் பார்க்கணும்" என்றாய். நீ என்னை எங்காவது கூப்பிட்டே பல வருஷம் ஆகியிருந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு ஓடிவந்தேன்.

அந்த வெல்டிங் கடைக்காரரை மறக்க முடியுமா? சமையல் எண்ணெய் இருந்த டிரம்தான் வேண்டும், பெயிண்ட் இருந்தது வேண்டாம் என்று நீ நான்கு கடை ஏறி இறங்கினாய். அதைக் குறுக்கே படுக்கவைத்து அறுத்து, கீல் போட்டு மூடி, ஒரு பக்கம் புகைக்குழாய், அடியில் காற்று வருகிற துளை என்று நீ தாளில் வரைந்து காட்டினாய். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? கறி சுடவா?"

"ஆமாண்ணா. நெருப்பு ஒரு ஓரத்துல, கறி இன்னொரு ஓரத்துல. புகையிலேயே வேகணும். ஆறு மணி நேரம்."

"ஆறு மணி நேரமா? அத்தினி நேரம் குந்திக்கினு இருந்தா பசியில உசுரு பூடுமே நைனா. அடுப்புல வச்சு எறக்கிக்கினு போய்க்கினே இருப்பியா, அத்த வுட்டுட்டு." அப்புறம் என்னைப் பார்த்து, "பெரியவரே, புள்ளைக்கு வேற வேல ஒண்ணும் இல்லியா?" என்றார்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன், நீயும் சிரித்தாய். நாம் சேர்ந்து சிரித்த கடைசித் தடவைகளில் அது ஒன்று. ஆனால் டிரம்மைக் கட்டடத்துக்குள் கொண்டுவரும்போது நான் என் வேலையைக் காட்டினேன். தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னேன். வாட்ச்மேனிடம், செடிக்குத் தண்ணீர் பிடிக்கிற டிரம் என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். முப்பது வயதைத் தாண்டியவனுக்கும் கத்திரிக்காய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தேன்.

அதற்கப்புறம் வந்த சனிக்கிழமைகளைப் பற்றி நான் உன்னிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். அவைதான் நான் ரிட்டயரான பிறகு வாழ்ந்த நாட்கள். காலை ஆறு மணிக்குத் தேங்காய்த்தொட்டிக் கரியைப் பற்றவைப்பாய். காம்பவுண்டில் புயலுக்கு விழுந்த கொய்யா மரத்தை வெட்டிக் காயவைத்து மாடி மூலையில் அடுக்கியிருந்தாய், அதில் இரண்டு துண்டு போடுவாய். நான் எங்கிருந்தோ ஒரு வேப்பங்கட்டையைத் தூக்கிவந்தபோது, "வேம்பு மட்டும் வேணாம்பா, கசக்கும்" என்றாய். விலாவின் உட்பக்கத்து ஜவ்வை மீன்காரி தோல் உரிப்பதைப் போல ஒரே இழுப்பில் உரிப்பாய். உப்பு, மிளகு, மிளகாய்த்தூள், அம்மா ஊரிலிருந்து வரவழைத்த கருப்பட்டியைச் சீவிக் கலந்து தடவுவாய். அங்கே போடுகிற சர்க்கரையைவிட நம் கருப்பட்டிதான் நன்றாகக் கறுத்துப் பிடிக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாய், அவள் ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூடியை மூடிய பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நீயும் நானும். புகை வெள்ளையாக வந்தால் காற்று போதவில்லை, நீலமாக மெலிந்து வந்தால் சரி என்று சொல்லிக்கொடுத்தாய். நான் பேப்பர் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டு, நீ பேசுவதைக் கேட்பேன். உன் மேனேஜர், சுபாவின் அம்மாவுக்கு மூட்டுவலி, உனக்கு அடிக்கடி வருகிற கெட்ட கனவு. இதையெல்லாம் வீட்டுக்குள் வைத்து நீ என்னிடம் பேசியதே இல்லை. முதலில் கோழி, பிறகு ஆட்டு நெஞ்செலும்பு, அப்புறம் ஒருநாள் பன்றி விலா. நம் பக்கத்தில் பன்றி தின்பதில்லை. தின்றேன். கறி எலும்பை விட்டுக் கழன்று விழவும் இல்லை, இழுக்கவும் இல்லை. கடித்த இடத்தில் பல் தடம் மட்டும் சுத்தமாகப் பதிந்து, மேலே கருப்பட்டி கறுத்து மொறுமொறுப்பாக, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. என் ஆயுசில் அப்படி ஒன்றைத் தின்றதில்லை. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான், "உப்பு கொஞ்சம் கம்மி" என்றேன்.

எலும்பை மட்டும் வழக்கம்போல நான் மந்தைவெளிக்கு எடுத்துப்போனேன்.

உன் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆறு மணி நேரமும் சுபா கைக்குழந்தையோடு கீழே தனியாகக் கிடந்தாள். குழந்தை வீறிட்டு அழுத சத்தம் மாடிவரை கேட்டது. நீ, டிரம்முக்குள் செருகிய கம்பி போனுக்கு அனுப்புகிற சூடு எத்தனை டிகிரி என்று பார்த்துக்கொண்டிருந்தாய். நூற்றுப்பத்து டிகிரிக்கு ஒரு டிகிரி கூடினால் துடித்து எழுந்தவன், பிள்ளை அழுததற்கு எழுந்திருக்கவில்லை. இதைச் சொல்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. இருந்தாலும் சொல்கிறேன், சுபா சொல்லமாட்டாள். ஹூஸ்டனில் இன்னும் பெரிய பெட்டி வாங்குவாய். அதன் பக்கத்தில் அவளுக்கும் ஒரு நாற்காலி போடு.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அதற்கு மூன்று நாள் முன்னால் முதல் மாடி டீச்சர் என்னைப் படியில் நிறுத்தினாள். நான் அப்போது அசோசியேஷன் செக்ரட்டரி, பதினோரு வருஷமாக நான்தான்.

"சார், கார்த்தி சனிக்கிழமை சனிக்கிழமை மாடியில ஏதோ புகை போடறானே, துணி ஒணத்த முடியலை. புடவையெல்லாம் வாசனை. வேற நாளைக்கு மாத்திக்கச் சொல்லுங்கோ. இல்லேன்னா அந்த டிரம்மைத் தண்ணித் தொட்டி பக்கம் தள்ளிக்கச் சொல்லுங்கோ, போறும்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. நாளை மாற்று, அல்லது மூலைக்குத் தள்ளு. உன்னிடம் வந்து சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் தள்ளியிருப்பாய். எனக்கு அவள் சொன்னது காதில் விழவில்லை. 'வாசனை' என்ற ஒரு சொல்தான் விழுந்தது. கண்டுபிடித்துவிட்டார்கள் என்று உள்ளங்கால்வரை வேர்த்தது. மூன்று நாள் உன்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. உட்கார்ந்து என் கையாலேயே தீர்மானம் எழுதினேன். 'மொட்டை மாடியிலும் பொது இடங்களிலும் மாமிச உணவு சமைப்பதும் கொண்டுசெல்வதும் கூடாது.' மாமிசம் என்ற பேச்சை எடுத்தவனே நான்தான். யாரும் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு அம்மாவின் அறுபதாவது பிறந்தநாள். அதனால்தான் நீ சனிக்கிழமை வழக்கத்தை மாற்றி அன்றைக்கு டிரம்மைப் பற்றவைத்தாய். இரண்டு முழு வரிசை விலா. பத்து மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் நடந்தபோது புகை மெதுவாகக் கீழே இறங்கிவந்தது, கருப்பட்டி வாசத்தோடு. யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. சுளிப்பதற்குள் முந்திக்கொள்ள வேண்டும் என்று நான் எழுந்து நின்றேன். தீர்மானத்தைப் படித்தேன். படித்ததோடு நிறுத்தினேனா?

"எங்க வீட்டுல இந்தப் பழக்கமே கிடையாது, எல்லாருக்கும் தெரியும். பையன் வெளிநாடு போய்க் கெட்டுப்போய் வந்துட்டான். நானே நிறுத்தறேன்" என்றேன்.

ஏழு பேர் கை தூக்கினார்கள். கீழ்வீட்டு மாமா, "அப்படியே எழுதிண்டுடுங்கோ" என்றார். நான் திரும்பியபோது நீ படிக்கட்டின் கீழே நின்றுகொண்டிருந்தாய். சாப்பாட்டுக்கு வாழையிலை வாங்கப் போகிறவன், ஸ்கூட்டர் சாவி கையில் இருந்தது. என்னைப் பார்த்தாய். ஏதாவது கத்தியிருக்கலாம். 'பொய் சொல்றார், முப்பது வருஷமா தின்னுட்டுத்தான் இருக்கார்' என்று நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கியிருக்கலாம். எனக்கு அது வேண்டியிருந்தது. நீ பேசாமல் மாடிக்குப் போனாய். உன் குற்றங்களில் இது இரண்டாவது. உன் வாயை நான் ஒருமுறை பொத்தினேன், அதற்கப்புறம் நீயே பொத்திக்கொண்டாய்.

நான் மேலே வந்தபோது எரிகிற டிரம்மில் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டியிருந்தாய். சாம்பலும் நீருமாகக் கறி பாதி வேக்காட்டில் ஊறிக்கொண்டிருந்தது. அதை அள்ளிக் கறுப்புப் பையில் போட்டு என்னிடம் நீட்டினாய்.

"இதை எங்கப்பா போடணும்? மந்தைவெளியா?"

அதுதான் நீ என்னிடம் நேருக்கு நேர் கேட்ட கடைசிக் கேள்வி. நான் பையை வாங்கிக்கொண்டேன். போய்ப் போட்டுவிட்டும் வந்தேன், அதைத்தான் என்னாலேயே தாங்க முடியவில்லை. திரும்பி வந்தால் அம்மா பிறந்தநாள் புடவையை மாற்றிவிட்டு நைட்டியில் உட்கார்ந்திருந்தாள். "பழக்கமே கிடையாதா? அப்ப முப்பது வருசமா நான் யாருக்கு ஆக்கிப் போட்டேன்?" என்றாள். மறு வாரம் உன் கொய்யா விறகையும் வாட்ச்மேனை விட்டு அள்ளிப்போடச் செய்தேன், தீர்மானத்தை நானே மீறலாமா என்று. டிரம் கனமாக இருந்ததால் தப்பித்தது.

அடுத்த மாதம் நீ வேளச்சேரிக்குப் போனாய். அந்த வருஷ மழையில் உன் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, வீட்டுக்கு வந்துவிடு என்று நான் கெஞ்சினேன். "பார்த்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு, குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு அடையாறில் யாரோ ஆபீஸ் நண்பன் வீட்டுக்குப் போனாய். உனக்கென்று இங்கே ஓர் அறை காலியாகக் கிடந்தது. அதை நான் மன்னிக்கவில்லை. நீ என்னை மன்னிக்காமல் இருப்பதற்கு எவ்வளவு நியாயம் இருக்கிறதோ, அதில் பாதி எனக்கும் இருக்கிறது.

கடைசியாக, போன சனிக்கிழமை. அம்மா உங்களுக்குப் பெட்டி கட்ட வேளச்சேரிக்கு வந்துவிட்டாள். டிரம்மைக் காயலான் கடைக்குப் போடத்தான் மேலே போனேன். தார்ப்பாயைத் தூக்கினால் உள்ளே இன்னும் அந்த வாசம் இருந்தது. கீழே இறங்கி, பன்றிக்கறிக் கடையைத் தேடிப்போய் ஒரு வரிசை விலா வாங்கிவந்தேன். மேலே கீரை வைக்கவில்லை. கருப்பட்டி சீவினேன், கையைக் கொஞ்சம் சீவிக்கொண்டேன். ஜவ்வை உரிக்க மறந்தேன். விறகுக்கு எங்கே போவது? உன் கொய்யாவைத்தான் நான் ஒழித்துவிட்டேனே. தெருவில் மாநகராட்சிக்காரர்கள் வெட்டிப்போட்ட வேப்பங்கிளை காய்ந்து கிடந்தது, அதை எடுத்துவந்தேன். நீ சொன்னது நினைவில்லாமல் இல்லை. வேறு இல்லை.

ஏழு மணிக்குப் பற்றவைத்துவிட்டு உன் நாற்காலிக்குப் பக்கத்தில் என் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வெள்ளைப் புகையாகவே வந்துகொண்டிருந்தது, எந்தத் துளையைத் திறந்தாலும் நீலமாக வரவில்லை. பத்து மணி வாக்கில் டீச்சர் துணி எடுக்க வந்தாள். புகையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "கார்த்தி வந்துட்டானா?" என்றாள். "இல்லை டீச்சர், நான்தான்" என்றேன். "ஓ" என்றாள். புடவைகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப்போனாள். தீர்மானத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மணிக்கு இறக்கினேன். கசந்தது கார்த்தி. நாக்கின் அடிவரைக்கும் கசந்தது. ஜவ்வு தோல் மாதிரி இழுத்தது. ஆனாலும் நின்றுகொண்டே ஐந்து எலும்பு தின்றேன், ஒரு வாய்கூடத் துப்பவில்லை. உப்பு சரியாக இருந்தது.

பிறகு எலும்புகளைச் செய்தித்தாளில் சுற்றினேன். ரப்பர் பேண்டு போட்டேன். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். இதையெல்லாம் யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. இரண்டாவது மாடித் திருப்பத்துக்கு வந்தபோதுதான் கையில் இருந்த சாவியைப் பார்த்தேன். உன்னை அறைந்த இடம். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழே வந்தேன்.

கீழ்வீட்டு மாமா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கண் நன்றாகத்தான் தெரிகிறது. அவருக்கு நான்கு அடி தள்ளித்தான் குப்பைத்தொட்டிகள். நான் மூடியைத் திறந்து, பொட்டலத்தை அப்படியே போடப்போனேன்.

"பிரிச்சுப் போடுங்கோ. எலும்பு பச்சைத் தொட்டி. பேப்பர் நீலத்துல" என்றார்.

பிரித்தேன். எலும்பைப் பச்சையில் கொட்டினேன், அடியில் விழுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. பேப்பரை நீலத்தில் போட்டேன். மாமா பக்கத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டார்:

"இத்தனை வருஷமா இதையெல்லாம் எங்க கொண்டுபோய்ப் போட்டிண்டிருந்தேள்?"

"மந்தைவெளி பஸ் ஸ்டாண்டுகிட்ட" என்றேன்.

"அவ்வளவு தூரமா?" என்றார். மறுபடி பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

வேறு ஒன்றும் நடக்கவில்லை. கட்டடம் இடிந்து விழவில்லை. சாம்பிராணிக்கும் கீரைக்கட்டுக்கும் உன் கத்திரிக்காய்க்கும் அவர்கள் ஆரம்பத்திலிருந்தே அர்த்தம் தெரிந்து வைத்திருந்தார்கள். நான் எழுந்து நின்று பழக்கமே கிடையாது என்று சொன்னபோது, தெரிந்துகொண்டேதான் ஏழு பேரும் கை தூக்கினார்கள். ஒருவராவது சிரித்திருக்கலாம். அந்த மரியாதைக்காக நான் அவர்களையும் மன்னிக்கப்போவதில்லை.

படியேறி வருவதற்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூடியைத் திறந்து, பிரித்து, கொட்டி, பதில் சொல்லி, எல்லாம் சேர்த்து அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த அரை நிமிஷத்தை இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் செலவழித்திருந்தால், நீ அன்றைக்கு வாழையிலை வாங்கிக்கொண்டு வந்திருப்பாய்.

டிரம்மைக் காயலான் கடைக்குப் போடவில்லை, போடவும் மாட்டேன். தார்ப்பாயைத்தான் அந்தக் கடைக்குப் போட்டுவிட்டேன்.

அப்பா